சாம்பல் கலந்த சிமெண்டும் மகளின் படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் 2 எழுதியிருக்கும் தங்கள் மகள், அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு சிமெண்ட் செய்யும் துறையில் படிக்க விரும்புவதாகவும், கட்டட ஒப்பந்ததாரரான தங்களுக்குச் சாம்பல் கலந்த மூட்டை என்றாலே மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

சாம்பல் கலந்த பிபிசி (PPC, போர்ட்லண்ட் பொசோலானா) சிமெண்ட் தொடக்கத்தில் மெதுவாகவே வலுப்பெறும். சென்ட்ரிங் பிரிக்கக் கூடுதல் நாள் காத்திருக்க வேண்டியிருப்பதும் உண்மைதான். ஆனால் அது கலப்படம் அன்று. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் சாம்பலிலுள்ள சிலிக்கா வினைபுரிந்து மேலும் பிணைப்புப் பொருளை உண்டாக்குகிறது. இவ்வினை நாள்பட நடப்பதால், க்யூரிங்கில் (தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பதில்) சிக்கனம் பிடிக்காத கான்கிரீட் 28 நாளுக்குப் பின்னும் வலுவேறிக்கொண்டே போகும், கடலோரத்தில் உப்பு உள்ளிறங்குவதும் குறையும். இந்தியத் தரநிர்ணயம் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பலை அனுமதிக்கிறது. எத்தனை சதவீதம் என்பது தாங்கள் நாள்தோறும் பிரிக்கும் மூட்டையிலேயே அச்சாகியிருக்கும்.

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுட்டுத்தான், அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கர் என்ற கட்டி கிடைக்கிறது. எரிபொருளின் புகை போதாதென்று அந்தக் கல்லே கரியமில வாயுவைக் கக்குகிறது. ஆகவே கிளிங்கரைக் குறைக்கத் தெரிந்தவர்களை ஆலைகள் தேடுகின்றன.

எனினும் நான் தயங்குவது வேறோர் இடத்தில். நிலக்கரி மின்சாரம் குறையும் நாளில் சாம்பலும் குறையும். அதற்கு மாற்றாகச் சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்க்கும் சிமெண்டுக்கு 2023இல் தனித் தரநிர்ணயமே வந்துவிட்டது. ஐஐடி மெட்ராஸிலும் அதன் மீது ஆய்வு நடந்திருக்கிறது. எனவே சாம்பலை மட்டும் நம்பிப் படிக்காமல், எந்தக் கழிவு வந்தாலும் அதன் வேதியியலைப் பிரித்தறியும் படிப்பாகத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) உள்ள செராமிக் டெக்னாலஜிதான் என் முதல் பரிந்துரை. அது கிடைக்காவிட்டால் கெமிக்கல். சிவில் எடுத்தால் முதுநிலையில் கட்டுமானப் பொருளியலுக்கு வரலாம். பி.எஸ்சி. வேதியியல் படித்தோருக்கும் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இடமுண்டு. ஆனால் அது ஷிப்ட் வேலை, தொடக்கச் சம்பளமும் ஐ.டி.யோடு ஒப்பிடும்படி இராது.

கலந்தாய்வுக்கான கல்லூரி விருப்பப் பட்டியல் நிரப்புமுன் மகளை ஒரு சிமெண்ட் ஆய்வகத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். 200 கிராம் சிமெண்டுக்கு 600 கிராம் எண்ணூர் மணல் என்று எடைபோட்டுக் கலந்து, 70.6 மில்லிமீட்டர் அச்சில் கட்டியாக்கித் தண்ணீரில் இட்டு, 3, 7, 28ஆம் நாள்களில் எடுத்து நசுக்கி வலுவைப் பார்ப்பார்கள். நாடெங்கும் சிமெண்டைச் சோதிக்கும் மணல் நம் எண்ணூரிலிருந்துதான் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரே வேலையை அளவு பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்யும் அந்த அறையில் அவருக்குச் சலிப்புத் தட்டுகிறதா என்று கவனித்து எழுதுங்கள். எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.