அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். கல்லூரியில் ஆடும் ஒரு குவாட்டர்பேக் கோடிகளை விட்டுவிட்டு இன்னொரு வருடம் ஏன் தங்குகிறார்?

முதலில் விதி. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆனால்தான் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் டிராஃப்டுக்குள், அதாவது அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும் தேர்வுக்குள், நுழையலாம். தலைவலி அதற்கப்புறம்தான்.

மேட் லைனார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய கையோடு கிளம்பியிருந்தால் முதல் ஆளாகவே எடுத்திருப்பார்கள் என்று பேச்சு. அவரோ தன் கல்லூரியான யுஎஸ்சி-யிலேயே (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்) தங்கினார். அந்தப் பருவத்தில் அவர் படித்த ஒரே வகுப்பு பால்ரூம் நடனம்! இறுதிப் போட்டியில் டெக்சாஸிடம் 41-38 என்று தோல்வி. 2006 டிராஃப்டில் பத்தாவது இடம். ஆண்ட்ரூ லக்கும் 2011-இல் இப்படித்தான் ஸ்டான்ஃபோர்டில் தங்கினார். ஆனால் அடுத்த வருடமும் அவரே முதல் ஆள்.

பணக் கணக்கும் மாறிவிட்டது. 2010-இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை மட்டும் 5 கோடி டாலர். 2011-இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்ததும், கேம் நியூட்டனின் நான்கு வருட ஒப்பந்தம் முழுதுமே சுமார் 2.2 கோடிதான். ஆகவே பெரிய பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில். சீக்கிரம் போனால் அது சீக்கிரம் வரும்.

அப்புறம் 2021 ஜூலையில் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. டிராஃப்டின் முதல் சுற்றில் போவது உறுதி என்றால் கிளம்புவதே சரி என்பேன், தோளோ முழங்காலோ யாருக்கும் காத்திருக்காது. மூன்றாம் சுற்றுக்குக் கீழே என்றால், இன்று கல்லூரியிலேயே கூடுதலாகக் கிடைக்கலாம்.