கேளுங்க, சொல்றேன்: பாடினாங்களா, வாயசைச்சாங்களா?

பாம்பன் வாசகி: அக்கா, பள்ளிக்கூடம் படிக்கும்போதிருந்தே எனக்கு அமெரிக்க பாப் குழு பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ்னா பைத்தியம். 2023 மே 4ஆம் தேதி மும்பை ஜியோ வேர்ல்ட் கார்டன்ல அவங்க நிகழ்ச்சின்னு தெரிஞ்சதும் சீட்டுப் பணத்த எடுத்துக்கிட்டு கிளம்பிட்டேன். அப்ப பாம்பன் பாலத்துல ரயில் ஓடல, மண்டபம் போய்த்தான் ஏறணும், மீன்பிடித் தடைக்காலம்ங்கிறதால படகு கரையில கிடந்துச்சு, அதனால பிள்ளைங்கள வீட்டுக்காரர் பாத்துக்கிட்டாரு. அங்க போனா என் வயசுப் பொம்பளைங்க, என்னைவிட மூத்தவங்கன்னு அம்புட்டு கூட்டம், ஒரு வரி விடாம பாடுறாங்க, நானும் வேர்க்க விறுவிறுக்க நின்னு பாடி, மறுநாள் தொண்டையில சத்தமே இல்ல. ஊருக்கு வந்து வீடியோவ காமிச்சா வீட்டுக்காரர் "சிடி ஓடுதுடி, இவனுங்க வாய மட்டும் அசைக்கிறானுங்க, கிழவனுங்களுக்கா இம்புட்டு காசு"ங்கிறாரு. இன்னிக்கு வரைக்கும் இதே கேலிதான். நெசமா பாடினாங்களா இல்லையா, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

பதில்: தங்கச்சி, நீங்க அனுப்பின வீடியோவ மூணு பேரு உக்காந்து பாத்தோம். பாடித்தான் இருக்காங்க. எப்படி சொல்றேன்னா, அஞ்சு பேர்ல ஒருத்தரான பிரையன் லிட்ரெல் பாடுற இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேளுங்க. 1999 கேசட்ல வழுக்கிக்கிட்டு போற குரல் இங்க உரசுது, சில இடத்துல மேல ஏற மாட்டேங்குது. அவருக்கு தொண்டைத் தசை தானா இறுகிக்கிற கோளாறு இருக்கு, 2015ல வந்த அவங்க டாக்குமென்டரியிலயே அதை மறைக்காம பேசிருக்காரு, அதை வச்சு குழுவுல இருக்குற நிக்குக்கும் அவருக்கும் வாக்குவாதமே நடக்குது அதுல. சிடிய ஓட விட்டு ஏமாத்தணும்னு நினைச்சிருந்தா மொதல்ல அந்தக் குரலத்தானே மூடியிருப்பாங்க?

உங்க வீட்டுக்காரர் சொல்றதுலயும் கொஞ்சம் விஷயம் இருக்கு. பின்னணி இசை, கோரஸ்ல சில அடுக்கு இதெல்லாம் முன்னாடியே பதிஞ்சு வச்ச ட்ராக்ல ஓடுறது பெரிய மேடைங்கள்ல இப்ப சகஜம். ஆனா முன்னாடி கேக்குற குரல் யாருதுங்கிறதுதான் கணக்கு. மூச்சு வாங்குற சத்தம் கேக்குதா, மைக்க கூட்டத்துப் பக்கம் நீட்டினா அந்தக் குரல் நிக்குதா, வரியோட கடைசி வார்த்தை ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு மாதிரி முடியுதா, இதைப் பாருங்க. வயசானா கட்டைய, அதாவது சுருதிய, இறக்கிப் பாடுறதும் குத்தமில்ல, நம்ம ஊரு கொடை, திருவிழாவுக்கு வர்ற ஆர்க்கெஸ்ட்ராக்காரங்களே பாடகர் தொண்டையப் பாத்துட்டு அரைக்கட்டை இறக்கிக்கிறாங்க, யாரு கேக்குறா?

கிழவனுங்கன்னு சொல்றாரே, அன்னைக்கு குழுவுல மூத்தவரு கெவினுக்கு 51, கடைக்குட்டி நிக்குக்கே 43. 1993 ஏப்ரல்ல ஆர்லாண்டோவுல ஆரம்பிச்ச குழு, 30 வருஷம் முடிஞ்சு ரெண்டே வாரத்துல நீங்க பாத்திருக்கீங்க. நடுவுல 2006ல கெவின் விட்டுட்டுப் போயி 2012ல திரும்பி வந்தாரு. நீங்க பாத்த அதே டூர்ல, 2022 நவம்பர்ல, தம்பி ஆரோன் செத்த மறுநாளே லண்டன் மேடையில ஏறின நிக் நடுவுல அழுதுட்டாரு. வழுக்கிக்கிட்டு போற குரல் வேணும்னா அது செல்போன்லயே ஓசியில கிடக்கு, இப்ப இருக்குற குரல் வேணும்னா மும்பைக்குத்தான் போகணும், அதுக்குத்தான் நீங்க காசு கொடுத்தீங்க. என் கணக்குல அது நியாயமான காசு. (சீட்டுப் பணத்த பத்தி மட்டும் நான் வாயத் தொறக்கல, அது உங்க ரெண்டு பேரு பாடு.)

கீழக்கரை வாசகர்: சிலோன் ரேடியோவுல பாட்டு கேட்டு வளந்தவரு எங்க வாப்பா. "சிலோன் மனோகர் முன்னாடி உங்க பாய்ஸ் எல்லாம் எம்மாத்திரம்"னு சொல்றாரு. அவரும் பாப் பாடகர்தானா?

பதில்: சந்தேகமே வேணாம். சிலோன் மனோகர்ங்கிற ஏ.இ. மனோகரன் பொப்பிசைய, அதான் பாப் இசைய, தமிழ்ல பெரிய அளவுல கொண்டு போனவரு, 'சுராங்கனி' ஒண்ணு போதுமே, இங்கயும் அங்கயும் கல்யாண வீட்டுல ஓடாத நாளில்ல. இலங்கையோட பைலா தாளம் அதுல இருக்கு, போர்ச்சுக்கீசியர் வழியாவும் ஆப்பிரிக்காவுலருந்து வந்தவங்க வழியாவும் அங்க ஊறின தாளம் அது. தமிழ்ப் படத்துலயும் நடிச்சாரு, 2018 ஜனவரியில சென்னையில காலமானாரு. நம்ம கரைக்கு இன்னிக்கும் சிலோன் எஃப்எம் காத்தோட வருது, தனுஷ்கோடி பக்கம் போனா சில நேரம் செல்போனே "இலங்கைக்கு வரவேற்கிறோம்"ங்குது, அப்புறம் வாப்பாவ எப்படி குத்தம் சொல்றது? ரெண்டையும் மோத விட வேண்டியதில்ல, அவரோட கச்சேரிய அவரு கேட்டுட்டாரு.

சாயல்குடி வாசகி: லாஸ் வேகாஸ் ஸ்ஃபியர் அரங்கத்துல பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் நடத்தின நிகழ்ச்சி வீடியோல கூட்டம் முழுக்க வெள்ளை வெள்ளையா இருக்கே, யூனிஃபார்மா?

பதில்: 2025 ஜூலையில ஆரம்பிச்ச நிகழ்ச்சி அது. 1999 'மில்லேனியம்' ஆல்பம் அட்டையில அஞ்சு பேரும் வெள்ளையில நிப்பாங்கல்ல, அதுக்காக ரசிகர்கள் வெள்ளையில வந்தாங்க. நம்ம உப்புக்காத்துக்கும் செம்மண்ணுக்கும் ஒரு நாள் தாங்காது.

தொண்டி வாசகர்: பேக்ஸ்ட்ரீட் பாய்ஸோட 'ஐ வான்ட் இட் தட் வே' பாட்டுக்கு என்னதான் அர்த்தம்? காலேஜ்லருந்து மண்டையப் போட்டு உடைச்சுக்கிறேன்.

பதில்: உடைக்காதீங்க, பாடினவங்களே அதுக்கு அர்த்தம் கிடையாதுன்னு சிரிச்சிருக்காங்க. மாக்ஸ் மார்ட்டினும் ஆண்ட்ரியாஸ் கார்ல்சனும் எழுதினது. புரியற மாதிரி வேற வரி போட்டு இன்னொரு வெர்ஷனும் ரெக்கார்ட் பண்ணிப் பாத்தாங்க, கேட்டா பழசுதான் நல்லாருக்குன்னு இவங்க பழசையே வச்சுக்கிட்டாங்க. அந்தப் புரியற வெர்ஷனும் இப்ப இணையத்துல கிடைக்குது, நானும் ஒரு தடவ கேட்டேன், பாதியில நிறுத்திட்டேன்.