விழித்திரை அறுவைக்குப் பிறகு நான்காம் நாள் வலி கூடினால்

விழித்திரை அறுவை முடிந்த அப்பாவுக்கு நான்காம் நாளில் வலி கூடுகிறது, திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காத்திருக்க வேண்டாம். அப்பாவை இன்றிரவே, அறுவை செய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நான்காம் நாள் வலி குறைந்துகொண்டு வர வேண்டும். நீங்கள் எழுதியதுபோல் வலி கூடி, இமை வீங்கி, பார்வையும் இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணுக்குள் கிருமித் தொற்று, அதாவது எண்டாப்தால்மைட்டிஸ். அரிதுதான், ஆனால் ஒரே நாளில் பார்வையைப் பறித்துவிடக்கூடியது.

கிளம்புமுன் நல்ல கண்ணை மூடி, விரல்களை எண்ணச் சொல்லுங்கள். நேற்று எண்ணியவருக்கு இன்று கையசைவுதான் தெரிகிறது என்றால், மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். கருவிழியின் கீழ் ஓரத்தில் வெண்மையாகத் தேங்கியிருந்தால் சீழாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: அறுவையின்போது விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணில் வாயு நிரப்பியிருந்தால் பார்வை எப்படியும் மங்கலாகத்தான் இருக்கும், அப்போது வலியையே நம்புங்கள். கண் அழுத்தம் ஏறினாலும் வலியும் வாந்தியும் வரும். அதுவும் அவசரம்தான்.

மருந்துக்கடைச் சொட்டு மருந்து கேட்டிருந்தீர்கள். அது இதற்குப் போதாது. தொற்று என்றால் கண்ணுக்குள்ளிருந்து மாதிரி எடுத்து, வான்கோமைசின், செஃப்டாசிடிம் போன்ற மருந்துகளைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள்.