செல்லோ யாருக்கு வளைந்தது?

கேள்வி: 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அதன் இசையமைப்பாளர் டான் டுன் சீன இசையையும் மேற்கத்திய இசையையும் அற்புதமாக இணைத்தவர் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனாவுக்கு எர்ஹூ என்று சொந்தமாக ஒரு வில் வாத்தியம் இருக்கும்போது, அந்தக் காதலின் சோகத்தைச் சொல்ல ஐரோப்பாவின் செல்லோ எதற்கு? ஆஸ்கர் குழுவின் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று சமைக்கப்பட்ட இசைதானே இது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அந்தப் படத்தில் எர்ஹூவும் இருக்கிறது; மா ஷியாவ்ஹுயி என்ற தேர்ந்த கலைஞர் அதை வாசித்திருக்கிறார். சீனக் குழல்களும் இருக்கின்றன. பின்னணி இசையை வாசித்தவர்கள் ஷாங்காய் சிம்பனி இசைக்குழு, ஷாங்காய் தேசிய இசைக்குழு, ஷாங்காய் தாள வாத்தியக் குழு ஆகியோர். செல்லோ முன்னால் நிற்பதால் மற்றவை உங்கள் கவனத்தில் படாமல் போயிருக்கலாம். ஆனால் இல்லாத ஒன்றை வைத்து ஒரு கலைஞர்மீது குற்றம் சுமத்தக் கூடாது.

அவர் யாருக்காகச் சமைத்தார் என்று அவருடைய மனத்துக்குள் புகுந்து பார்க்க எனக்கு வழியில்லை. காதில் விழுவதை வைத்துத்தான் பேச முடியும். காதில் விழுவதோ உங்கள் குற்றச்சாட்டுக்கு நேர் எதிராக இருக்கிறது.

எர்ஹூவில் இரண்டே தந்திகள். வில்லின் மயிர் அந்த இரண்டுக்கும் நடுவே கோக்கப்பட்டிருக்கும். விரல்பலகை கிடையாது, விரல் தந்தியை அந்தரத்தில் அழுத்துகிறது. அதனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதும், நின்ற சுரத்தை அழுத்தி நடுங்க வைப்பதும் அந்த வாத்தியத்தின் பிறவிக் குணம். செல்லோ கற்பவருக்குச் சொல்லித்தரும் ஒழுக்கம் வேறு. சுரம் அதன் இடத்தில் துல்லியமாக நிற்க வேண்டும். வழுக்கல் அளவோடு, அலங்காரமாக மட்டும் வரலாம். இப்போது அந்தப் படத்தில் செல்லோ கலைஞர் யோ-யோ மா வாசிக்கும் முதன்மை மெட்டைக் கேளுங்கள். முக்கியமான சுரங்கள் பல நேராக வந்து உட்காருவதில்லை. கீழேயிருந்து ஊர்ந்து வந்து தொடுகின்றன, தொட்டதும் நழுவுகின்றன, சில இடங்களில் அழுகையின் விளிம்புவரை போய்த் திரும்புகின்றன. கமகத்தில் வளர்ந்த நம் காதுக்கு இது அந்நியமாகவே படாது. அந்த மெட்டுக்காகப் பழக்கத்தை விட்டுக்கொடுத்தது செல்லோ. சீனம் தன் பழக்கத்தை விடவில்லை.

அப்படியானால் எர்ஹூவுக்கே அந்த மெட்டைக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். ஸ்தாயிதான் காரணம் என்பது என் கணிப்பு. எர்ஹூவின் மிகத் தாழ்ந்த சுரமே செல்லோவின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு இரண்டு ஸ்தாயிகளுக்கும் மேலே இருக்கிறது. படத்தின் நாயகன் லி மூ பாயும் நாயகி யூ ஷூ லியெனும் இளம் காதலர்கள் அல்லர். கடமைக்கும் மானத்துக்கும் கட்டுப்பட்டு, ஆண்டுக்கணக்காகச் சொல்லாமல் அடக்கிவைத்த அன்பு அவர்களுடையது. அதற்கு ஆண்குரலின் அடிவயிற்றுக் கனம் தேவை. அந்தக் கனம் செல்லோவில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து பாலுசாமி தீட்சிதர் கைக்கு வந்த வயலினை நாம் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். அது வெள்ளைக்காரர் காதுக்காகச் சமைத்த இசை என்று யாரும் சொல்வதில்லை. சீனர் ஒருவர் செல்லோவைத் தொட்டால் மட்டும் ஏன் வேறு சட்டம்?

செல்லோவை விட்டுவிடுவோம். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில், வாள் திருடுபோகும் இரவுக் காட்சியில் இருக்கிறது. முகத்தை மூடிய திருடி கூரைகள்மேல் பறக்கிறாள். யூ ஷூ லியெனாக நடிக்கும் மிஷெல் யோ துரத்துகிறார். ஹாலிவுட் வழக்கப்படி பார்த்தால் அங்கே பித்தளைக் குழல்கள் முழங்கியிருக்க வேண்டும், வயலின்கள் பதறியிருக்க வேண்டும். டான் டுன் மொத்த இசைக்குழுவையும் மௌனமாக்கிவிடுகிறார். தோல் வாத்தியங்கள் மட்டும் பேசுகின்றன. விட்டு விட்டு விழும் அடிகள், பிறகு நெருங்கும் அடிகள், கால் ஓட்டத்தோடு கூடிக்கொண்டே போகும் வேகம், கை கலந்ததும் பொறி பறக்கும் தாளம். மெட்டு என்று ஒன்றுமே இல்லை. மேற்கத்தியப் பார்வையாளரை மயக்க நினைப்பவர், தன் படத்தின் முதல் பெரிய சண்டையை மெட்டே இல்லாமல் விடத் துணிவாரா?

இது சீனாவின் பழைய இசை நாடகமான பீக்கிங் ஓபராவின் மேடை மரபு. அங்கே சண்டைக் காட்சிகளைப் பெரும்பாலும் தாள வாத்தியங்கள்தான் தாங்கிப் பிடிக்கும். குழுவை நடத்துபவர் கையில் கோல் பிடித்த நடத்துநர் அல்லர். 'பாங்கூ' என்ற சிறிய ஒற்றைத்தோல் வாத்தியத்தை வாசிப்பவரே தலைவர். நடிகரின் கண்ணசைவை அவர் பார்க்கிறார், அவருடைய கையசைவை மற்றவர்கள் பார்க்கிறார்கள். பெரிய சேகண்டியை அடித்தால் நாதம் கீழே இறங்கும். சிறிய சேகண்டியின் நாதம் மேலே ஏறும். தாளக்கட்டுகளை வாயால் சொல்லிப் பழகுவதற்கு 'லுவோகூ ஜிங்' என்று ஒரு சொற்கட்டு முறையே உண்டு. நம் மிருதங்க மாணவர்கள் கேட்டால் உடனே உறவு கொண்டாடுவார்கள்.

டான் டுன் இந்த மரபை நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர். 1957இல் ஹுனான் மாநிலத்தின் சாங்ஷா பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து பாட்டியிடம் வளர்ந்தவர். ஊர்ப் பூசாரிகள் சாவுச் சடங்கிலும் மற்றச் சடங்குகளிலும் தண்ணீரையும் கல்லையும் காகிதத்தையும் ஒலிக்க வைப்பதைப் பார்த்தபடியே வளர்ந்தார். மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சி அவரைக் கம்யூன் என்ற கூட்டுப் பண்ணை ஒன்றுக்கு நெல் நட அனுப்பியது. அங்கே ஊராரின் பாடல்களைச் சேகரித்தார். கையில் கிடைத்த சட்டி பானைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு வாத்தியக் குழு நடத்தினார். அந்தச் சமயத்தில் பீக்கிங் ஓபரா குழு ஒன்று படகு விபத்தில் சிக்கிக் கலைஞர்கள் பலர் இறந்துபோனார்கள். அந்த இடத்தை நிரப்ப வயலிலிருந்து அழைத்துக்கொள்ளப்பட்டவர் இவர். பீத்தோவன் இசையை அவர் முதன்முதலாகக் கேட்டபோது இருபது வயதை நெருங்கியிருந்தார். 1978இல் பீக்கிங் மத்திய இசைக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் மேற்கத்திய இசை அவருக்கு முறையான பாடமானது. தாய்மொழி எது, கற்றுக்கொண்ட மொழி எது என்பதில் இதற்குமேல் ஐயம் வர இடமே இல்லை.

நம் ஊரில் பலர் நினைப்பதுபோல, சீனாவில் இந்த இணைப்பைத் தொடங்கிவைத்தவரும் அவர் அல்லர். 1959இலேயே ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்களான ஹே ஜான்ஹாவும் சென் காங்கும் 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' என்ற வயலின் கான்செர்ட்டோவை, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, எழுதிவிட்டார்கள். கலாசாரப் புரட்சியின்போது மாவோவின் மனைவி ஜியாங் சிங் அம்மையார் தூக்கிப்பிடித்த 'மாதிரி ஓபரா'க்களில் ஓபராத் தாளங்களோடு மேற்கத்திய இசைக்குழுவும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது. அந்த வயலின் கான்செர்ட்டோவில் வயலின் எர்ஹூவைப்போல உருகினாலும், அடியில் ஓடும் ஹார்மனி, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முறை, ஐரோப்பாவினுடையது. கேட்க இனிமையான படைப்பு. எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அங்கே வீடு மேற்கினுடையது, தட்டுமுட்டுச் சாமான்கள் சீனாவினுடையவை. டான் டுன் வீட்டின் அஸ்திவாரத்தையே மாற்றினார். சுரம் எங்கே நிற்கிறது என்பதைவிட அது எப்படி வருகிறது, எந்த நிறத்தில் ஒலிக்கிறது, எப்படி மறைகிறது என்பதை இசையின் முதல் கேள்வியாக்கினார். 1999இல் நியூயார்க் பில்ஹார்மானிக் அரங்கேற்றிய அவருடைய 'வாட்டர் கான்செர்ட்டோ'வில் தனி வாத்தியமே தண்ணீர்த் தொட்டிதான். கலைஞர் கையால் தண்ணீரை அறைகிறார், மிதக்கும் கிண்ணங்களைத் தட்டுகிறார், அடித்த சேகண்டியைத் தண்ணீருக்குள் இறக்குகிறார். நாதம் அப்படியே வளைந்து கீழே போகிறது. ஹுனான் கிராமத்துப் பூசாரிக்கு இதைக் காட்டினால் அவருக்கு விளக்கம் தேவைப்படாது.

அவருக்கு விழுந்த அடிகளைப் பாருங்கள். 1983இல் நான்கு வில் வாத்தியங்களுக்காக அவர் எழுதிய படைப்பு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பரிசு பெற்றது. அதே ஆண்டு சீனாவில் 'ஆன்மிக மாசு' ஒழிப்பு என்ற பெயரில் ஓர் அரசியல் இயக்கம் கிளம்ப, அவருடைய இசை மேற்கத்தியச் சீர்கேடு என்று கண்டிக்கப்பட்டு, சில மாதங்கள் மேடையேற முடியாமல் போனது. 1986இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் சென்றார். அங்கே இருந்த விமர்சகர்களில் சிலர், கிழக்கின் கவர்ச்சியைக் கடை விரிக்கிறார் என்றார்கள். இப்போது திருச்சியிலிருந்து நீங்கள், மேற்குக்கு விற்றுவிட்டார் என்கிறீர்கள். மூன்று தரப்பும் இசையைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கின்றன.

அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அறிய விரும்பினால், படங்களுக்கு வெளியே 'தி மேப்' என்ற படைப்பைத் தேடிப் பாருங்கள். ஹுனானின் மேற்குப் பகுதி மலைகளில் கற்களைத் தட்டி வாசிக்கும் ஒரு முதியவரை 1981இல் அவர் சந்தித்தார். திரும்பி வந்து முறையாகக் கற்க வேண்டும் என்று நினைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்துப் போனபோது முதியவர் இறந்துவிட்டார். அந்தக் கலையும் அவரோடு போய்விட்டது. மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம் என்று துஜியா, மியாவ், டோங் என்ற சிறுபான்மை இன மக்களின் இசையைப் படம்பிடித்தார். 2003இல் பாஸ்டன் சிம்பனியோடு யோ-யோ மா மேடையில் அமர்ந்திருக்க, திரையில் ஒரு மியாவ் பெண் மலைக்கு மலை கூப்பிடும் பாட்டைப் பாடுகிறாள். எதிர்மலையில் நின்று பதில் பாட வேண்டியவன் இல்லை. அந்த இடத்திலிருந்து செல்லோ பதில் சொல்கிறது. அவளுடைய இழுவையை அவளைப்போலவே இழுத்து, அவள் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு. அதே ஆண்டு அந்த நிகழ்ச்சியை அந்த மக்களிடமே கொண்டுபோய், ஃபெங்ஹுவாங் ஊரில் ஆற்றங்கரையில் நடத்தினார். ஆஸ்கருக்கு அங்கே வேலை இல்லை.

இத்தனைக்குப் பிறகும் அவரை விமர்சிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2002இல் ஜாங் யீமோவின் 'ஹீரோ' படத்தில், மழை சொட்டும் முற்றத்தில் கண் தெரியாத முதியவர் குச்சின் என்ற சீனத் தந்தி வாத்தியத்தை வாசிக்க, இரண்டு வீரர்கள் மனத்துக்குள்ளேயே மோதிக்கொள்ளும் காட்சி அபாரம். ஆனால் இட்ஸாக் பெர்ல்மனின் வயலின் பாடும் பகுதிகள் முந்தைய படத்தின் செல்லோவையே எனக்கு நினைவூட்டுகின்றன. ஒரு முறை கண்டுபிடித்ததை மறுமுறை பயன்படுத்துவதில் பாதி ஈரம் காய்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய சறுக்கல் 2006 டிசம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அரங்கேறிய 'தி ஃபர்ஸ்ட் எம்பரர்'. பிளாசிடோ டொமிங்கோ சக்கரவர்த்தியாகப் பாடினார். பீக்கிங் ஓபராக் கலைஞர் வூ ஷிங்-குவோ பாடி ஆடும் தொடக்கக் காட்சியிலும், முரசும் கல்லும் அதிரும் இடங்களிலும் பழைய டான் டுன் முழு உயரத்தோடு நிற்கிறார். காதல் பாடல்கள் தொடங்கியதும் கதை மாறுகிறது. நீண்டு நீண்டு செல்லும் இத்தாலியப் பாணித் தனிப்பாடல்களான ஏரியாக்களில், பெரிய பாடகர்களின் குரலுக்குத் தன் இசையை வளைத்துக் கொடுத்துவிடுகிறார். அங்கே மேற்குப் பழக்கம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுத்தவர் அவர்தான். நியூயார்க் விமர்சகர்கள் பலரும் கடுமையாகவே எழுதினார்கள். உங்கள் கேள்வி அந்த ஓபராவைப் பற்றியதாக இருந்திருந்தால், இந்தப் பதிலில் பாதிக்கு மேல் உங்கள் கட்சியாகவே பேசியிருப்பேன்.