பாரம் கூடவில்லை, மரம் மட்டும் ஏன் வளைகிறது?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் 500 லீட்டர் தண்ணீர் டேங்க் இருக்கிறது. பச்சையாக வெட்டிய டர்பன்டைன் மரத்தில் அறுத்த இரண்டு 4×2 அங்குலச் சட்டங்களை, 4 அங்குலப் பக்கம் கிடையாக வரும்படி படுக்கையாகப் போட்டு, மேலே பலகை அடித்து வைத்திருக்கிறார்கள். தூணுக்குத் தூண் 5 அடி. மூன்று வருடத்தில் நடுவில் ஒரு அங்குலம் தொங்கிவிட்டது. “டேங்கும் அதே, தண்ணீரும் அதே. பிறகு எப்படி வளைந்துகொண்டே போகிறது? உடையுமா?”

பாரம் கூடாமலே வளையும். உங்கள் உடுப்புக் கொடியையே பாருங்கள், நைலோன் கயிற்றை இன்றைக்கு விறைப்பாகக் கட்டினால் இரண்டு கிழமையில் தொய்ந்து போர்வையின் நுனி சேற்றில் படும், அதே இடத்தில் ஜி.ஐ. கம்பி (நாகம் பூசிய இரும்புக் கம்பி) கட்டினால் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். 1678இல் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் சொன்ன விதிப்படி பாரம் இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அதில் காலத்துக்குக் கணக்கே இல்லை. இரும்புக்கு நம்மூர் குளிரில் அந்த விதி போதும், அது மெதுவாக இளகி நீள வேண்டுமென்றால் சில நூறு பாகை சூடு வேண்டும். மரமும் நைலோனும் அப்படியில்லை. பாரம் ஏறியதும் கொஞ்சம் வளையும், அப்புறம் அதே பாரத்தில் நாள்பட நாள்பட இன்னும் வளையும். இந்த இரண்டாவது வளைவைத்தான் பொறியியலில் க்ரீப் என்கிறார்கள்.

உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் டேங்க் நிரம்பியபோதே நடுவில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். காயாத மரம் நாளடைவில் முதல் வளைவைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வரை போகும். ஆக ஒரு அங்குலம் என்பது ஆச்சரியப்படுகிற கணக்கு இல்லை. இதில் உங்கள் ஊர் மழைக்கும் பங்கு இருக்கிறது: காலையில் மூடுபனியில் ஊறி, பத்து மணி வெயிலில் காய்ந்து, மத்தியானம் மறுபடி நனைகிற மரம், ஒரே ஈரத்தில் கிடக்கிற மரத்தைவிடக் கூடுதலாகத் தொங்கும்.

சரி, உடையுமா? எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது, எந்த வேகத்தில் வளைகிறது என்று பார்க்க வேண்டும். சட்டத்தின் இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டுங்கள். டேங்க் நிரம்பியிருக்கும்போது நூலுக்கும் சட்டத்தின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து, திகதியோடு பென்சிலில் மரத்திலேயே எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை போதும். மாதத்துக்கு மாதம் கூடுகிற அளவு குறைந்துகொண்டே வந்தால் மரம் அடங்குகிறது. ஒரே சீராகக் கூடினால் யோசிக்க வேண்டும். போன மாதம் 1 மில்லிமீட்டர், இந்த மாதம் 3 என்று வேகம் பிடித்தால் அன்றைக்கே தண்ணீரைத் திறந்துவிடுங்கள், முறிவதற்கு முன் மரம் அப்படித்தான் போகும். சட்டத்தின் அடிப்பக்கத்தில் நார் பிளந்திருந்தாலும், ராத்திரியில் ‘நொறுக்’ என்று சத்தம் கேட்டாலும், ஆணிக்குழி உளுத்திருந்தாலும் அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

தச்சு பாஸ் வந்தால் “சட்டத்தைப் புரட்டிப் போடுவோம், நேராகிவிடும்” என்பார். நேராகும், பிறகு மற்றப் பக்கம் தொங்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வேறு வழி சுலபம். டேங்கைக் காலி செய்து, அதே 4×2 அளவில் நன்றாகக் காய்ந்த சட்டங்களை 4 அங்குலம் மேல்கீழாக வரும்படி நிறுத்திப் போடுங்கள். அளவு மாறாமலே வளைவு நான்கில் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் விறைப்பு உயரத்தின் மும்மடியோடு ஏறும், அகலத்துக்கு அவ்வளவு பலன் இல்லை. சாய்ந்துவிடாமல் இடையில் குறுக்குக் கட்டைகள் அடிக்க மறக்காதீர்கள். இரண்டுக்குப் பதில் மூன்று சட்டம் போட்டால் இன்னும் நல்லது. நடுவில் ஒரு தூண் கொடுத்தால் வளைவு பிரச்சினையே இல்லை, ஆனால் அதன் அடியில் தட்டைக் கல்லோ கொங்கிரீட்டோ இருக்க வேண்டும், சரிவு மண்ணில் வெறுமனே ஊன்றிய தூணை இரண்டு மழை அரித்துவிடும். கையில் காசு இருந்தால் இரும்பு ஆங்கிள் போடலாம், அது தொங்காது. துருதான் பிடிக்கும், வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

அதுவரை டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். 250 லீட்டர் குறைந்தால் மரத்தின் மேல் 250 கிலோ குறைகிறது. பிள்ளைகள் அதற்கடியில் விளையாடப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.