உங்களுக்கு எந்தெந்த மொழிகள் தெரியும்? இப்போது எதைக் கற்கிறீர்கள், அடுத்து எதைக் கற்க ஆசை?

தமிழ், தெலுங்கு, ஆங்கிலம், பிழைப்புக்கு ஆகிற அளவு இந்தி. இதில் தெலுங்கு மட்டும் வெகுகாலம் எனக்குப் பேச வரும், படிக்க வராது என்கிற நிலையில் இருந்தது. இப்போது கற்றுக்கொண்டிருப்பதும் அதைத்தான். பிறந்ததிலிருந்து வீட்டில் பேசுகிற மொழியை இந்த வயதில் போய் எதற்குக் கற்கணும் என்று உறவினர்களே கேட்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து இந்தப் பதில்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. விசயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்து குடியேறிய தெலுங்குக் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் உண்டு. தமிழ்நாடு முழுக்கப் பார்த்தால் 2011 கணக்கெடுப்பில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவு, தமிழுக்கு அடுத்தபடியாகப் பெரிய எண்ணிக்கை அதுதான். ஆனால் எங்கள் பக்கம் அது முழுக்க வாய்மொழி. அவ்வா (பாட்டி) திட்டுவது, தாத்தா கதை சொல்வது, ஆடு மாட்டை விரட்டுவது எல்லாம் தெலுங்கில். கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கடிதம், கடன் பத்திரம் எல்லாம் தமிழில். வெளியூரில் இருந்த மாமா அவ்வாவுக்கு எழுதிய கடிதங்கள்கூடத் தமிழில்தான் இருக்கும், அதை வாசித்துக் காட்டுகிறவர் வாசிக்கும்போதே தெலுங்காக மாற்றிச் சொல்வார். எங்கள் வீட்டில் யாருக்கும் இது வினோதமாகப் பட்டதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தைப் பேசினாலே கருத்துகளில் ஒரு சண்டை வரும். நான் படித்தது தமிழில், கணக்குப் போடுவது தமிழில், கோபம் வந்தால் மனசுக்குள் பேசிக்கொள்வதும் தமிழில். தெலுங்கைப் படிக்கக் கற்பதால் அதில் ஒரு துளியும் குறையவில்லை. எங்கள் பக்கத்து இடைசெவல்காரரான எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) வீட்டில் பேசியது தெலுங்கு, கரிசல் தமிழுக்கு வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்துக் கொடுத்தவரும் அவரேதான். ஒரு வாயில் இரண்டு மொழி தாராளமாக இருக்கலாம் என்பதற்கு எங்கள் ஊர்க்காரனுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, படிக்கணும் என்கிற எண்ணம் எங்கே வந்தது? வேலைக்காக ஐதராபாத் போனபோது. பேச்சில் எனக்குப் பயமே இல்லை, ஆனால் நான் வாயைத் திறந்ததும் எதிரில் இருப்பவர் "சித்தூரா, நெல்லூரா?" என்பார். எங்கள் வீட்டுத் தெலுங்கு ஆந்திரத்தை விட்டுப் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் கிளம்பி வந்தது, வழியில் தமிழை நிறையச் சேர்த்துக்கொண்டது. எருமையை நாங்கள் எனுமு என்போம். ராயலசீமையில் இன்னமும் அப்படிச் சொல்கிறார்கள், கடற்கரை ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அதற்கு வேறு வேறு பெயர். ஆக என் பேச்சில் குறை என்று எதுவும் இல்லை, அது வேறு தடத்தில் வளர்ந்த பேச்சு. ஆனால் அதே ஊரில் பேருந்துப் பலகை, கடைப் பெயர், மருந்துக் கடை வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு, சக ஊழியர் மேசையில் கிடக்கும் ஈநாடு பேப்பர், எதையுமே என்னால் படிக்க முடியவில்லை. வாய் நிறைய மொழி இருந்தும் கண்ணுக்கு அது எட்டவில்லை என்பது என்னை ரொம்பவே உறுத்தியது. அதோடு, அவ்வாவுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர் பாடும் நாற்றுப் பாட்டையும் ஒப்பாரியையும் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கப் பார்த்தேன், அங்கேதான் பெரிய சிக்கல் வந்தது.

தமிழில் க என்று ஓர் எழுத்து, தெலுங்கில் அந்த இடத்தில் நான்கு. தமிழில் எழுத்து நிற்கிற இடத்தை வைத்தே ஒலி தெரிந்துவிடும், அதனால் நமக்கு நான்கு தேவைப்படுவதில்லை, அது நம் எழுத்தின் அழகான ஏற்பாடு. தெலுங்குக்கு அது போதாது. கோயிலுக்கும் வலது பக்கத்துக்கும் தெலுங்கில் முதல் எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம், தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'குடி' என்று ஆகிவிடும். ஒரு பாட்டில் இப்படி நான்கு இடம் வந்தால் அடுத்த தலைமுறை அதை எப்படிப் படிக்கும்? கர்நாடக சங்கீதக்காரர்கள் இதற்கு வெகுகாலமாகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தமிழில் அச்சான தியாகராசர் கீர்த்தனைப் புத்தகங்களைப் பார்த்திருந்தால் தெரியும், க-வுக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சின்னதாக எண் போட்டிருப்பார்கள். திருவையாற்றில் வாழ்ந்து 1847-இல் மறைந்த ஒருவர் தெலுங்கில் பாடியதைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றுவரை சரியாகப் பாட அந்த எண்கள் உதவுகின்றன. கச்சேரிக்கு அது போதும். எனக்கு அவ்வாவின் பாட்டை எண் போட்டு எழுத மனசு வரவில்லை, அந்த மொழியின் சொந்த எழுத்திலேயே எழுதணும் என்று தோன்றியது.

எழுத்து கற்றது பெரும்பாலும் ரயில் பயணங்களில்தான். சென்னையிலிருந்து கூடூர் போகும் தடத்தில் ஆரம்பாக்கம் வரை மஞ்சள் பலகையில் தமிழ் இருக்கும், தடாவில் தெலுங்கு தொடங்கிவிடும். அப்புறம் சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை, கூடூர், நெல்லூர், ஓங்கோல், சீராலா, பாபட்லா, தெனாலி, விசயவாடா. ஒவ்வொரு பலகையிலும் ஒரே பெயர் மூன்று எழுத்துகளில் இருக்கிறது, எனக்கு ஆங்கிலமும் இந்தியும் படிக்கத் தெரியும், ஆக விடை பக்கத்திலேயே இருக்கிற பாடப் புத்தகம் அது. நெல்லூரில் இரட்டை ல எப்படி எழுதுவது என்று தெரிந்துகொண்டேன். பாபட்லாவில் ட-வுக்குக் கீழே ல தொங்குவதைப் பார்த்தேன். தமிழர்களுக்குத் தெலுங்கு எழுத்தில் கஷ்டமே இந்தக் கீழ் எழுத்துதான், ஒத்து என்பார்கள். நாம் புள்ளி வைத்துவிட்டு அடுத்த எழுத்தைப் பக்கத்தில் எழுதுகிறோம், அவர்கள் அடுத்த மெய்யை அடியில் எழுதுகிறார்கள். பல ஒத்துகள் தாய் எழுத்தின் சின்ன வடிவம்தான், பார்த்ததும் தெரியும். ஆனால் த, ந, ம, ய, ர, ல, வ ஆகியவற்றின் ஒத்துகளுக்கு முகமே வேறு, அவற்றை உட்கார்ந்து மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது. தெலுங்கு கற்கப் போகும் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன், உயிரெழுத்து, மெய்யெழுத்து, குணிதம் (நம் உயிர்மெய் வரிசை மாதிரி) வரை வேகமாகப் போய்விடலாம், ஒத்துகளுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். அதை அவசரமாகத் தாண்டியவர்கள்தான் பேப்பர் படிக்க முடியவில்லை என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அழுத்தி மூச்சு விட்டுச் சொல்லும் எழுத்துகள் இன்னொரு தொல்லை. எங்கள் வீட்டுப் பேச்சில் அவை கிடையாது, தமிழ்ப் பேச்சிலும் கிடையாது. ஆக போஜனம் என்பதற்கு எந்த ப, தர்மம் என்பதற்கு எந்த த என்று காதால் கண்டுபிடிக்க வழியில்லை. வடமொழியிலிருந்து வந்த சொற்கள்தான் இப்படிப் படுத்தும், அசல் தெலுங்குச் சொற்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. இது தெரிந்த பிறகு எனக்குப் பாதிச் சுமை இறங்கியது.

எழுத்து கொஞ்சம் பழகியதும் எதைப் படிப்பது என்ற கேள்வி வரும். குழந்தைப் புத்தகம் சலிப்பு, பேப்பர் கடினம். எனக்குக் கைகொடுத்தது சந்தமாமா. 1947-இல் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ், தமிழில் அதன் பெயர் அம்புலிமாமா. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கியது, பின்னால் பல மொழிகளுக்குப் போனது. அதே கதைகள், சங்கர், சித்ரா வரைந்த அதே படங்கள், மொழி மட்டும் வேறு. சின்ன வயதில் நான் தமிழில் படித்த கதையைத் தெலுங்கில் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்து என்ன நடக்கும் என்று முன்னாலேயே தெரியும், கண் எழுத்தில் மட்டும் வேலை செய்தால் போதும். பழைய இதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழிலிருந்து தெலுங்குக்கோ தெலுங்கிலிருந்து தமிழுக்கோ போகிற யாருக்கும் இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை, எந்தச் செயலியும் பக்கத்தில் வராது.

அகராதி என்றால் பிரவுன் அகராதி. சி. பி. பிரவுன் கடப்பை, ராஜமுந்திரி, மசூலிப்பட்டினம் என்று வேலை பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, தெலுங்குக் கவிஞர் வேமனரின் பாடல்களையும் ஏராளமான ஓலைச்சுவடிகளையும் தேடிச் சேர்த்தவர், 1852-இல் தெலுங்கு-ஆங்கில அகராதியை வெளியிட்டார். இப்போது ஆந்திரபாரதி என்ற தளத்தில் அதில் தேடிப் பார்க்கலாம். எனக்கு அது முக்கியமாக ஆனதற்குக் காரணம், அவ்வா வாயில் இருக்கிற சில சொற்களை ஐதராபாத் நண்பர்கள் கேட்டதே இல்லை என்றார்கள், ஆனால் பிரவுனில் இருந்தன. ஓரிரண்டு சொல்லுக்கு இது நடந்ததும் நான் அவ்வாவிடம் தினமும் போனில் பேச ஆரம்பித்துவிட்டேன், பேச்சை அவர் அனுமதியோடு பதிவும் செய்கிறேன். "இதையெல்லாம் எழுதி என்னடா பண்ணப் போறே" என்று தெலுங்கில் கேட்பார், ஆனால் மறுநாள் ஞாபகம் வந்த இன்னொரு பாட்டோடு காத்திருப்பார்.

இதைச் சொல்லும்போது கிடுகு ராமமூர்த்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு காலத்தில் தெலுங்கில் எழுதுவதென்றால் யாரும் பேசாத பழைய நடையில்தான் எழுதணும், பள்ளிப் பாடமும் அந்த நடையில்தான். பேசுகிற மொழியில் எழுத வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போராடியவர் அவர். 1863-இல் ஆகஸ்ட் 29 அன்று பிறந்தார், அந்த நாளைத்தான் தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதைவிட எனக்கு அவரிடம் பிடித்தது, பர்லாகிமிடியில் ஆசிரியராக இருந்தபோது பக்கத்து மலைகளில் வாழும் சவரர்களின் மொழியைக் கற்று, அவர்களுக்காகப் பாடப் புத்தகமும் இலக்கணமும் அகராதியும் செய்தது. எழுத்தில் இல்லாத பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று நம்பிய மனிதர். எங்கள் கரிசல் தெலுங்கைக் கொச்சை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை, பெங்களூரு போனால் இப்போது பலகைகளைத் தட்டுத் தடுமாறிப் படித்துவிடுகிறேன். அர்த்தம் புரிவது வேறு விஷயம், ஆனால் தமிழும் தெலுங்கும் தெரிந்த காதுக்குக் கன்னடத்தில் பாதி வார்த்தை தெரிந்த ஆளாகத்தான் இருக்கிறது.

அடுத்து எதைக் கற்க ஆசை என்றால், உருது. சரியாகச் சொன்னால் ஐதராபாத் தெருவில் பேசுகிற தக்னி. நம்மில் பலர் அதை இந்தியின் கொச்சை என்று நினைக்கிறார்கள், அது உண்மை இல்லை. 1591-இல் ஐதராபாத்தை உருவாக்கிய முகம்மது குலி குதுப் ஷா தக்னியில் கவிதை எழுதியவர், அவருடைய தந்தை இப்ராகிம் தெலுங்குக் கவிஞர்களை ஆதரித்து, மல்கிபராமுடு என்று அவர்கள் வாயால் பெயர் வாங்கியவர். பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த இரண்டு மொழியில் ஒன்று மட்டும் எனக்குத் தெரிகிறது, மற்றது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்க்காரர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்கள் வீட்டிலும் தமிழும் தக்னியுமாக நாங்கள் இருந்த மாதிரிதான் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் வாணியம்பாடி நண்பர் ஒருவருக்குப் பேச்சும் எழுத்தும் இரண்டுமே தெரியும். வலமிருந்து இடம் போகிற எழுத்து, உயிர்க்குறிகளை முழுக்க எழுதுவதில்லை, சொல்லைத் தெரிந்துதான் படிக்கணும், ஒரே எழுத்துக்குச் சொல்லின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் வேறு வேறு வடிவம். தெலுங்கு மாதிரி முன்பே வாயில் இருக்கிற மொழியும் இல்லை, அதனால் இது மெதுவாகத்தான் நடக்கும். அவர் எனக்கு உருது எழுத்து சொல்லித் தருவதாகவும், நான் அவருக்குத் தெலுங்கு எழுத்து சொல்லித் தருவதாகவும் பேசி வைத்திருக்கிறோம். முதலில் ஒத்துகளைத்தான் கேட்கப் போகிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.