ஒன்பது லட்சம் கட்டும் முன் ஒரு நாவலில் பத்துப் பக்கம்

அம்மா, உங்கள் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் 94, இயற்பியல் 61. அவள் ஆங்கில இலக்கியம் கேட்கிறாள். பெரியப்பாவும் அத்தை வீட்டாரும் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு பேச்சே எடுக்காதே என்கிறார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் விடுதியோடு நான்கு வருடத்துக்கு 9 லட்சம், முன்பணம் 50,000 இந்த வாரமே கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஆறுதலாக நான்கு வார்த்தை சொல்லி அனுப்பினால் நீங்கள் பணத்தைக் கட்டிவிடுவீர்கள். கட்டாதீர்கள்.

9 லட்சத்தைப் 10 சதவீத வட்டியில் 7 வருடத்தில் அடைக்க மாதம் கிட்டத்தட்ட 15,000 ரூபாய் தவணை. படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. மனம் ஒட்டாத படிப்பில் மூன்றாவது செமஸ்டரிலிருந்து அரியர் விழ ஆரம்பித்தாலும் தவணை நிற்காது. அதைக் கட்டப்போவது நீங்கள்தான், பெரியப்பா அல்ல.

அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலத்துக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மற்றக் கட்டணங்கள் சேர்ந்தாலும் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். அந்தப் பாடத்துக்குத் தரவரிசை ஆங்கில மதிப்பெண்ணை வைத்தே போடுகிறார்கள். இயற்பியல் 61 குறுக்கே வராது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு (இன்ஜினியரிங் போனாலும் அது உண்டு, மறைக்க விரும்பவில்லை).

பி.எட்., வங்கித் தேர்வு இரண்டையும் நான் விளக்க வேண்டியதில்லை, உறவுக்காரர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் கேள்விப்படாத ஒரு வழியைச் சொல்கிறேன். பி.ஏ.வுக்குப் பிறகு க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) முதுநிலைத் தேர்வு எழுதி ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் மாதிரி ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அதன் கடைசி வருடத்திலேயே யு.ஜி.சி. நெட் என்ற, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வை எழுதலாம். இரண்டு தாள்கள், 150 கேள்விகள், 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்று முனைவர் ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. போட்டி கடுமையானது. மனப்பாடத்தில் பி.ஏ. தேறலாம், இங்கே அது கை கொடுக்காது. ஒரு நாவலைப் பிரித்துப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அது அவளுக்குப் பிடிக்குமா என்பதை இப்போதே பார்த்துவிடலாம், செலவு மூன்று கலர் பென்சில். வர்ஜீனியா வூல்ஃப் 1925இல் வெளியிட்ட ‘மிஸஸ் டாலோவே’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1923 ஜூன் மாதத்தில் ஒரே நாள், லண்டன், மாலையில் ஒரு விருந்து, அவ்வளவுதான் கதை. அத்தியாயப் பிரிவே இல்லை. முதல் வாசிப்பில் குறிப்பு எடுக்க வேண்டாம். கைடு புத்தகத்தைத் தொடவே கூடாது. அதில் ‘நனவோடை உத்தி’ (மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதுவது) என்று ஒரு பெயர் இருக்கும். அதை எழுதிவைத்ததோடு யோசிப்பதும் நின்றுவிடும்.

இரண்டாம் வாசிப்பில், விமானம் புகையால் வானத்தில் எழுதும் இடத்திலிருந்து பத்துப் பக்கம் எடுத்துக்கொள்ளட்டும். யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதற்குச் சிவப்பு, யாருடைய பேச்சுவாடை வாக்கியத்தில் அடிக்கிறது என்பதற்கு நீலம், வெளியே உண்மையில் நடப்பதற்குப் பச்சை. ஒரு பெண்மணி அந்த எழுத்துகளை ‘கிளாக்ஸோ’ என்று படிக்கிறாள், இன்னொருத்தி ‘கிரீமோ’ என்கிறாள், மூன்றாமவர் ‘டாஃபி’ என்கிறார். போரிலிருந்து மனம் உடைந்து திரும்பிய செப்டிமஸ், தனக்குத்தான் யாரோ சைகை காட்டுகிறார்கள் என்று கண் கலங்குகிறான். பச்சை ஒரே விமானம்தான். சிவப்பு ஆளுக்கு ஆள் கை மாறுகிறது. எந்தச் சொல்லில் மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், கதைசொல்லலைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம்.

நீலம்தான் கஷ்டம். ‘அவள் கதவைத் திறந்தாள். என்ன குளிர், இந்த நேரத்தில்!’ இதில் இரண்டாவது வாக்கியம் யாருடையது? மேற்கோள் குறி இல்லை, ‘என்று நினைத்தாள்’ என்பதும் இல்லை, இருந்தாலும் அது அவள் குரல். நாவல் முழுக்க இந்தக் கலப்புதான். சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தன்மையில் மாற்றி எழுதிப் பார்க்கட்டும். ‘அவள்’ இருந்த இடத்தில் ‘நான்’ போட்டதும் அந்தப் பாத்திரமே பேசுவதுபோல் இயல்பாக நின்றால் அது அவளுடையது. அவளுக்குத் தெரிந்திருக்க முடியாத செய்தி துருத்திக்கொண்டு நின்றால் கதைசொல்லியுடையது.

பாத்திரத்துக்கு வரும்போது, நாயகி மிஸஸ் டாலோவேயின் பெயர் கிளாரிஸா, பெரும்பாலான மாணவர்கள் ‘கிளாரிஸா நல்லவள், பெருமைக்காரி’ என்று பண்புப் பட்டியல் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு தாளை மூன்றாக மடித்து, கிளாரிஸா தன்னைப் பற்றி நினைப்பது, பழைய காதலன் பீட்டர் வால்ஷ் நினைப்பது, மற்றவர்கள் கண்ணில் படுவது என்று எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவளிடம் ஒரு பறவையின் சாயலைக் காண்கிறார். அவளும் தன் முகம் பறவை அலகு போல இருப்பதாக நினைக்கிறாள். செப்டிமஸ் அறிமுகமாகும்போது அவன் மூக்கும் அலகு போலத்தான். இருவரும் கடைசிவரை சந்திப்பதே இல்லை. விருந்தின் நடுவே அவன் இறந்த செய்திதான் அவளிடம் வந்து சேர்கிறது. அவர்களை ஆரம்பத்திலேயே கட்டிப்போட்டிருப்பது இந்த ஒரு சொல். கைடு இல்லாமல் உங்கள் மகளே அதைக் கண்டுபிடித்தால், அந்தச் சந்தோஷத்தை முகத்தில் நீங்களே பார்ப்பீர்கள். பெரியப்பாவையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் பக்கத்துக்குள் அவள் சலித்துப்போகவும் வாய்ப்பு உண்டு. கதை கேட்பது பிடிக்கும், பிரித்துப் பார்ப்பது பிடிக்காது என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது வேறு படிப்பு பேசுவோம். அப்போதும் பிடிக்காத சீட்டுக்கு 9 லட்சம் கிடையாது. பி.ஏ. முடித்த கையோடு பெரிய சம்பளம் வரும் என்று நானும் சொல்ல மாட்டேன். எம்.ஏ. வரை ஐந்து வருடம், பிறகு ஆய்வு. அந்தக் காலம் முழுவதும் வீட்டில் கடன் இருக்கக் கூடாது என்பதால்தான் கட்டணத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

அரசுக் கல்லூரி இணைய விண்ணப்பத்தை அவளே இந்த வாரம் நிரப்பட்டும். வண்ணம் தீட்டிய பத்துப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். அதுவரை அந்த 50,000 வங்கியிலேயே இருக்கட்டும்.